ஹாஃப்-லைஃப் 2: வன்னியில் இருந்து விளையாடுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கிளிநொச்சி கரடிப்போக்குச் சந்திக்கு அண்மையில் உள்ள எனது சிறிய கணினிக் கூடத்துக்கு வருகிற தம்பி தங்கைகளும், அவர்களைக் கூட்டிக்கொண்டு போக வருகிற பெற்றோரும் பல ஆண்டுகளாக என்னிடம் கேட்டுவந்த கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன். பதில்களில் சில நீளமானவை. அந்த விடயங்கள் நீளமாகச் சொல்லப்பட வேண்டியவை என்றே நான் நினைக்கிறேன்.

இது எந்த விளையாட்டு? எதனுடைய தொடர்ச்சி?

அமெரிக்காவின் வால்வ் நிறுவனம் 1998 நவம்பரில் ஹாஃப்-லைஃப் என்ற விளையாட்டை வெளியிட்டது. விளையாடுபவர் கோர்டன் ஃப்ரீமன் என்ற இளம் இயற்பியலாளரின் கண்களால் எல்லாவற்றையும் பார்க்கிறார். நியூ மெக்சிகோ பாலைநிலத்துக்கு அடியில் இருக்கும் பிளாக் மேசா என்ற ஆய்வுகூடத்தில் ஒரு பரிசோதனை பிழைத்துப்போக, வேறோர் உலகத்தின் உயிரினங்கள் உள்ளே வந்துவிடுகின்றன. அதுவரை வந்த சுடும் விளையாட்டுகள் பெரும்பாலும் கதையை நிறுத்தி நிறுத்திச் சொல்லின. இதுவோ, விளையாடுபவரின் கையை ஒரு கணமும் விடாமல், அவர் நடக்கிற வழியிலேயே கதையை நடத்தியது. அதன் தொடர்ச்சியான ஹாஃப்-லைஃப் 2, 2004 நவம்பர் 16 அன்று வெளியானது.

ஆறு ஆண்டுகள் ஏன் எடுத்தது?

முதல் விளையாட்டு வெளிவந்த சில மாதங்களிலேயே, 1999 இல், வேலை தொடங்கிவிட்டது. முதலாவதற்கு குவேக் என்ற விளையாட்டின் இயந்திரத்தை வாங்கித் திருத்திப் பயன்படுத்தியிருந்தார்கள். இரண்டாவதற்கு சோர்ஸ் என்ற சொந்த இயந்திரத்தைக் கட்டினார்கள். ஒரு மரப்பலகை மிதக்க வேண்டும், ஒரு கல் பாரத்தோடு விழ வேண்டும், ஒரு மனிதர் பேசும்போது அவருடைய புருவமும் உதடும் அந்தப் பேச்சுக்கு ஏற்ற மாதிரி அசைய வேண்டும் என்பதற்காக ஆண்டுக்கணக்கில் உழைத்தார்கள். முக அசைவுகளுக்கு அடிப்படையாக எடுத்துக்கொண்டது உளவியலாளர் பால் எக்மனின் முகத்தசை வகைப்பாட்டு முறை. பல்கேரியாவின் சோஃபியா நகரில் பிறந்த விக்டர் அன்டோனொவ் கலை இயக்குநராக வந்து, தான் வளர்ந்த கிழக்கு ஐரோப்பிய நகரங்களின் தெருக்களையும் மாடிவீடுகளையும் விளையாட்டின் நகரமான சிட்டி 17 இற்குக் கொடுத்தார்.

2003 மே மாதம் விளையாட்டைக் காட்சிக்கு வைத்து, செப்டம்பர் 30 இல் வெளியாகும் என்று அறிவித்தார்கள். அந்தத் திகதி வந்து போயிற்று. ஒக்டோபர் தொடக்கத்தில், நிறுவனத்தின் வலையமைப்புக்குள் புகுந்த ஜெர்மானிய இளைஞர் ஒருவர் எடுத்த மூலநிரல் இணையத்தில் பரவியது. பிற்பாடு அவர் ஜெர்மனியில் கைதாகி, நன்னடத்தைக் காலத் தண்டனை பெற்றார். இதற்கிடையில் கணினிக் கூடங்களுக்கு விளையாட்டை விநியோகிக்கும் உரிமை யாருக்கு என்பது தொடர்பாக வால்வுக்கும் வெளியீட்டாளருக்கும் 2002 முதல் வழக்கு நடந்துகொண்டிருந்தது. என்னைப் போல ஒரு கூடம் வைத்திருப்பவருக்கு அந்த வழக்கு தொலைவில் நடந்த சங்கதியாகத் தோன்றுவதில்லை.

தாமதித்து வந்தால் நன்றாக வரும் என்று எல்லா இடத்திலும் சொல்ல முடியாது. 1997 இல் அறிவிக்கப்பட்ட டியூக் நியூகெம் ஃபாரெவர் 2011 இல் வெளிவந்தபோது, அத்தனை ஆண்டுகள் காத்திருந்தவர்களில் மிகப் பலர் மனம் நொந்துபோனார்கள். ஹாஃப்-லைஃப் 2 அப்படி ஆகவில்லை. எடுத்துக்கொண்ட காலம் முழுவதும் அதன் சுவரிலும் தண்ணீரிலும் முகங்களிலும் கண்ணால் பார்க்கக் கிடைக்கிறது.

அப்படியானால் வன்னிக்கு அது எப்போது வந்தது?

எல்லோருக்கும் ஒரே காலத்தில் வரவில்லை. என் கதையைச் சொல்கிறேன்; என் வயதினர் பலருடைய கதையும் ஏறத்தாழ இதுவாகத்தான் இருக்கும்.

சமாதான காலத்தில், ஏ9 வீதி திறந்திருந்தபோது, கிளிநொச்சியில் நான் போன கணினி வகுப்பு மின்பிறப்பாக்கியில் ஓடியது. மாலையில் இரண்டு மணி நேரம் மட்டுமே இயக்குவார்கள். எண்ணெய் தீர்ந்தால் வகுப்பும் முடிந்துவிடும். வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்த ஓர் அண்ணா முதல் ஹாஃப்-லைஃபை ஓர் இறுவட்டில் கொண்டுவந்து தந்தார். பாடம் முடிந்து மிஞ்சுகிற கால் மணி நேரத்தில், ஐந்து பேர் ஒரு திரையின் முன் நெருங்கி நின்று, ஆளுக்கு மூன்று நிமிடமாக அதை விளையாடினோம். ஒருவரும் முடித்ததில்லை. 2004 இல் இரண்டாவது வெளிவந்த செய்தியை ஒரு பழைய சஞ்சிகையில் படித்தோம். 2006 இல் மறுபடி சண்டை தொடங்கியது. வகுப்பு மூடப்பட்டது. அதன் பிறகு இடம்பெயர்வுகள், 2009, செட்டிகுளத்து முகாம், மீள்குடியேற்றம்.

2012 இல் ஒரு பழைய கணினி வாங்கிய பிறகே நான் ஹாஃப்-லைஃப் 2 ஐத் திறந்தேன். அது ஒரு புகையிரதம் நிலையத்துக்குள் வந்து நிற்பதில் தொடங்குகிறது. 1990 முதல் எங்கள் ஊருக்குப் புகையிரதம் வந்ததில்லை; தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குள் போய்விட்டன. எனவே இருபத்திரண்டு வயதில் நான் முதன்முதலாக இறங்கிய புகையிரத நிலையம் சிட்டி 17 இன் நிலையம். கிளிநொச்சிக்கு உண்மையான புகையிரதம் 2013 செப்டம்பரில் வந்தது.

முதலாவதை விளையாடாமல் இரண்டாவதைத் தொடங்கலாமா?

தொடங்கலாம். ஆனால் இயலுமானால் முதலாவதை முடித்துவிட்டு வாருங்கள் என்பதே என் விருப்பம். முதலாவதன் முடிவில் ஒரு மர்ம மனிதர் கோர்டனைக் காலத்துக்கு வெளியே எங்கோ நிறுத்தி வைத்துவிடுகிறார். இரண்டாவது தொடங்கும்போது ஏறத்தாழ இருபது ஆண்டுகள் போய்விட்டன. இடையில் ஏழு மணி நேரம் மட்டுமே நீடித்த ஒரு போரில் பூமி தோற்று, கம்பைன் என்ற அந்நியப் பேரரசின் கீழ் வந்துவிட்டது. கோர்டனுக்கு இவற்றில் ஒன்றும் தெரியாது. முதலாவதை முடித்த கையோடு இரண்டாவதைத் திறப்பவர், இருபது ஆண்டுகளைத் தவறவிட்ட ஒருவரின் திகைப்பை அப்படியே உணர்வார்.

முதலாவதன் பழைய உருவம் கண்ணுக்கு உவப்பாக இல்லை என்றால், ரசிகர்கள் பல ஆண்டுகள் பாடுபட்டுப் புதிதாகக் கட்டி 2020 இல் முழுமையாக வெளியிட்ட பிளாக் மேசா என்ற விளையாட்டு இருக்கிறது. அதுவும் நல்ல வழியே.

எங்களிடம் பழைய கணினிதான் இருக்கிறது. அதில் ஓடுமா?

பெரும்பாலும் ஓடும். அலுவலகங்களில் இருந்து கழித்து விற்கிற, தனி வரைகலை அட்டை இல்லாத கணினிகளிலேயே என் கூடத்தில் அதை ஓட்டுகிறேன். அண்மைக்கால அப்பிள் கணினிகளில் மட்டும் சிக்கல் உண்டு.

இணையமும் மின்சாரமும் நிலையில்லாத இடத்தில் எப்படி விளையாடுவது?

விளையாட்டை ஸ்டீம் என்ற செயலியின் வழியாகத்தான் பெற வேண்டும். 2004 இல் இறுவட்டை வாங்கியவர்கள் கூட ஸ்டீமில் பதிவு செய்த பிறகே விளையாட முடிந்தது. அது அக்காலத்தில் பலருக்குக் கோபமூட்டியது. இன்று அதுவே நமக்கு வசதியாகி இருக்கிறது. பெருந்தள்ளுபடிக் காலங்களில் சில தடவை ஒரு டொலருக்கும் குறைவான விலைக்குக் கிடைக்கிறது என்பதால், திருட்டுப் பிரதி தேடித் திரிய எந்தக் காரணமும் இல்லை. தரவிறக்கத்தை இரவு நேர டேட்டாவில் வையுங்கள். இடையில் அறுந்தால் விட்ட இடத்தில் இருந்து தொடரும். ஒருவர் இறக்கிய கோப்புகளை ஸ்டீமின் காப்புப்பிரதி வசதியால் வெளிவட்டில் எடுத்துத் தருமபுரத்திலோ முறுகண்டியிலோ உள்ள நண்பருக்குக் கொடுக்கலாம். அவர் தமது கணக்கில் விளையாட்டை வாங்கியிருந்தால் முழுவதையும் மறுபடி இறக்க வேண்டியதில்லை. ஒரு முறை உள்நுழைந்து திறந்து பார்த்த பிறகு, இணையம் இல்லாத நிலையிலும் விளையாடலாம்.

மின்சாரத்துக்கு ஒரே மருந்து எஃப்6 விசை. அதை அழுத்தினால் அந்தக் கணமே சேமிக்கப்படும். எஃப்9 அழுத்தினால் அங்கே திரும்பலாம். விளையாட்டு தானாகவும் சில இடங்களில் சேமித்துக்கொள்ளும், ஆனால் அதை நம்பி இருக்க வேண்டாம். மாரி காலத்தில், இடி முழங்கத் தொடங்கினால், சேமித்துவிட்டுக் கணினியை நிறுத்திச் செருகியையும் கழற்றிவிடுங்கள். நான் அப்படிச் செய்யாமல் ஒரு மின்வழங்கிப் பெட்டியைப் பறிகொடுத்திருக்கிறேன்.

ஆங்கிலம் அவ்வளவாகத் தெரியாது. கதை விளங்குமா?

தமிழில் எழுத்தோ குரலோ இல்லை. ஒலி அமைப்புகளுக்குள் போய்ப் பேச்சுக்கான எழுத்துகளை இயக்கிவிடுங்கள்; உயர்தரத்துக்குப் படிக்கும் ஒருவர் நிதானமாக வாசித்தால் பெரும்பகுதி பிடிபடும். ஆனால் கதையின் மிகுதிப் பங்கு சொற்களில் இல்லை. சுவரொட்டிகளில், பூட்டிய கதவுகளில், வரிசையில் நிற்பவர்களின் முகத்தில் இருக்கிறது. கோர்டன் ஒரு சொல்லும் பேசுவதில்லை.

விளையாடும்போது தலை சுற்றி வாந்தி வருகிறது. என்ன செய்வது?

பலருக்கு வருவதுதான். அமைப்புகளில் பார்வைக் கோணத்தை 75 இல் இருந்து 90 க்கு உயர்த்துங்கள், அறை விளக்கை அணைக்காதீர்கள், திரையில் இருந்து ஒரு முழம் பின்னே தள்ளி அமருங்கள். கால்வாயில் படகு ஓட்டும் பகுதியில்தான் அதிகம் வரும். அதை இரண்டு மூன்று நாளாகப் பிரித்துக்கொள்ளலாம்.

தொடங்கி அரை மணி நேரமாகியும் துப்பாக்கி கிடைக்கவில்லை. ஏதும் பிழையா?

பிழை இல்லை. என்னிடம் மிக அதிகமாகக் கேட்கப்படுவது இதுதான். நான் மிக விரும்பிப் பதில் சொல்வதும் இதற்குத்தான். பதினான்கு அத்தியாயங்களில் முதல் இரண்டிலும் உங்கள் கையில் ஆயுதமே இராது. மூன்றாவதன் வாசலில்தான் ஒரு பழைய நண்பர் அலவாங்கு போன்ற ஓர் இரும்புக் கம்பியை உங்களை நோக்கி எறிவார். சுடும் விளையாட்டு ஒன்றைச் செய்தவர்கள், அதன் மிக நல்ல பகுதியை, சுட எதுவும் இல்லாத ஒருவரின் கையில் கொடுத்திருக்கிறார்கள்.

ஆகவே ஓட வேண்டாம். நிலையத்தின் நடைவழியில் முகமூடி அணிந்த ஒரு காவலர் குறுக்கே நிற்பார். அவர் ஒரு தகர டின்னைத் தட்டி நிலத்தில் விழுத்திவிட்டு, அதை எடுத்துக் குப்பைத் தொட்டியில் போடும்படி உங்களுக்குச் சொல்வார். எடுத்துப் போட்டால், சிரித்துவிட்டு வழி விடுவார். அவர் மீது எறிந்தால் தடியோடு துரத்துவார். அந்த டின்னைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிற அந்தச் சில வினாடிகள், சோதனைச் சாவடியில் பையைத் திறந்து காட்டிய எவருக்கும் பழக்கமானவை. பொருட்களைத் தூக்கவும் எறியவும் கற்றுக்கொடுப்பதே அந்த இடத்தின் தொழில்நுட்ப நோக்கம்; ஆனால் அதைப் பாடமாக நடத்தாமல் ஓர் அவமதிப்பாக நடத்தியதில்தான் அந்தப் பல ஆண்டு உழைப்பு தெரிகிறது.

வெளியே சதுக்கத்துக்கு வந்ததும் நிமிர்ந்து பாருங்கள். வானத்தைக் குத்திக்கொண்டு நிற்கும் கருங்கோபுரம் தெரியும். பிறகு தெருக்களைப் பாருங்கள். அந்த நகரத்தில் ஒரு குழந்தை கூட இல்லை. ஏன் என்பதைப் பெரிய திரைகளில் பேசும் நிருவாகி பிரீன் தன் வாயாலேயே சொல்வார்.

பலகைப் புதிர்கள் விளங்கவில்லையே?

துலாக் கிணற்றை நினைத்துக்கொள்ளுங்கள். கால்வாய்ப் பகுதியில் ஒரு பலகை நடுவில் தாங்கப்பட்டு மேலும் கீழும் ஆடும். அதன் ஒரு நுனியில் சீமெந்துக் கற்களை ஏற்றினால் மறு நுனி உயர்ந்து உங்களுக்கு ஏறுபாதையாகும். தண்ணீருக்குள் கிடக்கும் சாய்தளம் ஒன்றை உயர்த்த, வெற்றுப் பீப்பாய்களை அதன் கீழே செலுத்த வேண்டும். இரணைமடுவிலோ வேறு எந்தக் குளத்திலோ பெரல் கட்டி மிதந்து விளையாடிய பிள்ளைகள் இதை ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள்; நகரத்துப் பிள்ளைகள் சற்று நேரம் எடுப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

ஆறாம் அத்தியாயத்து ஊரான ராவன்ஹோம் பயமாக இருக்கிறது. அதைத் தாண்டிப் போக முடியுமா?

அத்தியாயங்களைத் தெரிவு செய்யும் பட்டியல் உண்டு. ஆனால் ஒரு அத்தியாயத்தை எட்டிய பிறகே அது திறக்கும். ஆகையால் பகலில் விளையாடுங்கள், பக்கத்தில் ஒருவரை இருத்திக்கொள்ளுங்கள். ஐந்தாம் அத்தியாயத்தில் அலிக்ஸ் என்ற பெண் தருகிற புவியீர்ப்புத் துப்பாக்கி பொருட்களை இழுத்துப் பிடித்து வீசும் கருவி. அதைக் கொண்டு அவளுடைய இயந்திர நாயோடு பந்து விளையாடிய மறு நிமிடமே, அதே கருவியால் மரம் அறுக்கும் வட்ட வாள் தகடுகளை வீசி உயிர் தப்ப வேண்டிய ஊருக்குள் தள்ளப்படுகிறீர்கள். தோட்டாக்களைச் சேமியுங்கள், அந்த ஊர் முழுவதையும் அந்தக் கருவி ஒன்றை மட்டும் கொண்டே கடக்கலாம்.

மணலில் கால் வைத்தால் பூச்சிகள் வந்துகொண்டே இருக்கின்றனவே?

எட்டாம் அத்தியாயத்தில், கடற்கரை மணலில் அடி விழுந்தாலே நிலத்துக்குள் இருந்து பெரும் பூச்சிகள் கிளம்பும். பாறையிலும் பலகையிலும் மட்டும் கால் வைத்து, ஒரு பலகையை எடுத்து முன்னே போட்டு, பிறகு பின்னே கிடப்பதை எடுத்து முன்னே போட்டு நடக்க வேண்டும். அவசரப்பட்டால் தோற்பீர்கள். மீள்குடியேறிய புதிதில், மிதிவெடி அகற்றியவர்கள் தடி நட்டு விட்ட பாதையால் மட்டும் பள்ளிக்கூடம் போனவர்களுக்கு இந்த நடை மனதுக்குள் வேறு ஒன்றைக் கிளறக்கூடும் என்பதால்தான் முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன்.

போரை நேரில் பார்த்தவர்கள் இதை விளையாடலாமா?

இந்தக் கேள்வியை ஒரு தாய் என்னிடம் கேட்டார். தன் மகனின் காதில் இருந்த ஒலிபெருக்கியைக் கழற்றித் தன் காதில் வைத்துப் பார்த்துவிட்டு, அவர் அப்படியே கதிரையில் அமர்ந்துவிட்டார். அன்றிலிருந்து என் பதிலை யோசித்தே சொல்கிறேன்.

எல்லோரும் விளையாட வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். கால்வாய்ப் பகுதியில் ஓர் உலங்குவானூர்தி உங்களைத் துரத்தித் துரத்திச் சுடும். சில இடங்களில் கொள்கலன்கள் ஷெல் போலக் கூவிக்கொண்டு வந்து விழுந்து வெடிக்கும். பதினோராம், பன்னிரண்டாம் அத்தியாயங்களில் இடிந்த வீடுகளுக்கு நடுவே தெருச்சண்டை நடக்கும். படத்தை விட ஒலிதான் ஆளை அடிக்கும். எனவே காதில் மாட்டும் ஒலிபெருக்கி வேண்டாம். சத்தத்தைக் குறைத்து, எழுத்துகளை இயக்கி, வீட்டில் ஆட்கள் இருக்கும் நேரத்தில் விளையாடுங்கள். நெஞ்சு படபடத்தாலோ, இரவில் நித்திரை குழம்பினாலோ, அந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். முடிக்காமல் விடுவதில் ஒரு குறையும் இல்லை. வீட்டில் பெரியவர்கள் இருந்தால், அவர்கள் காதில் விழும்படி ஒருபோதும் விளையாட வேண்டாம்.

நான் ஏன் விளையாடினேன் என்று கேட்டால், அந்த உலகத்தில் கோர்டனுக்கு உதவுகிறவர்களில் பலர் பார்ப்பதற்குச் சாதாரண மனிதர்களாக இருந்ததால் என்பேன். சமையலறையில் ஒளித்து வைப்பவர், கால்வாய் ஓரத்தில் வழி காட்டுபவர், கொஞ்சச் சாப்பாட்டை வைத்துக்கொண்டு பகிர நினைப்பவர் என்று அவர்கள் எனக்குத் தெரிந்தவர்களாகவே இருந்தார்கள்.

பிள்ளைகளுக்கு எத்தனை வயதில் கொடுக்கலாம்?

வட அமெரிக்க மதிப்பீட்டில் இது 17 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கானது. என் கூடத்திலும் உயர்தர வகுப்புக்குக் கீழ் இருப்பவர்களுக்கு நான் இதைத் திறந்து கொடுப்பதில்லை.

கதை முடிவதில்லை என்கிறார்களே?

உண்மை. 2006 இலும் 2007 இலும் இரண்டு தொடர்ப்பகுதிகள் வந்தன. இரண்டாவது பகுதி ஒரு மரணத்தோடு நின்றுபோக, மூன்றாவது வரவே இல்லை. 2020 இல் வந்த ஹாஃப்-லைஃப்: அலிக்ஸ், மெய்நிகர் தலைக்கவசம் இருந்தால் மட்டுமே விளையாடக்கூடியது. 2024 நவம்பரில், இருபதாம் ஆண்டை ஒட்டி, அந்த இரண்டு தொடர்ப்பகுதிகளையும் முதன்மை விளையாட்டுடன் சேர்த்து, செய்தவர்களின் விளக்கக் குரலையும் புதிதாகப் பதிந்து இணைத்தார்கள். முதல் தடவை அந்தக் குரல் இல்லாமலும், இரண்டாம் தடவை அதோடும் விளையாடுங்கள்.

நிலையத்தில் கம்பிவேலி ஓரத்தில் நிற்கும் பெண்ணின் கணவர் பிறகு வருகிறாரா?

நிலையத்துக்குள் நடக்கும்போது அந்தப் பெண்ணைப் பலர் கவனிப்பதே இல்லை. அருகே போனால் பேசுவார். அவர்களுடைய புகையிரதத்தைக் காட்டுக்குள் மறித்துத் தன் கணவரை விசாரணைக்கென்று இறக்கிக்கொண்டு போனார்கள் என்றும், அடுத்த வண்டியில் வருவார் என்று சொன்னார்கள் என்றும், அது எப்போது நடந்தது என்பது தனக்கே இப்போது சரியாகத் தெரியவில்லை என்றும் சொல்வார். தன்னை அங்கே காத்திருக்க விடுகிறார்களே என்று நன்றியும் சொல்வார். நான்கு வரிப் பேச்சு. சுடும் விளையாட்டு ஒன்றில் இப்படி ஒருவரை நிறுத்தி வைத்தவர்களை நான் என்றைக்கும் மதிப்பேன்.

அவருடைய கணவர் வருவதில்லை. எந்த அத்தியாயத்திலும் அவரைப் பற்றி மறுபடி ஒரு சொல்லும் இல்லை.

கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில், 2017 பெப்ரவரி 20 அன்று, காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மாரும் மனைவிமாரும் படங்களோடு வந்து அமர்ந்தார்கள். இந்தக் கேள்வியை என்னிடம் கேட்ட தம்பியின் அம்மம்மாவும் அங்கே போய் வந்தவர். அவன் அந்தப் பெண் பேசி முடிக்கும் வரை வேலி ஓரத்திலேயே நின்றான். பின்னால் வரிசையில் இருந்தவர்கள் "போ, போ" என்று சொன்னபோதும் விசையில் கை வைக்கவில்லை.